பழசு என்று சொன்ன படம்

நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை முகர்ந்து பார்த்துத்தான் அடுப்பில் வைப்பேன். பஸ்ஸில் டிக்கெட் வாங்கினால் ஊர் சரியாகக் கிழித்திருக்கிறாரா என்று கண்டக்டர் எதிரிலேயே பார்ப்பேன். மருந்துக்கடையில் மாத்திரை கேட்டால் அட்டையோடு கொடுங்கள் என்பேன், உதிரியாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் வாங்க மாட்டேன். இந்தக் கடைசிப் பழக்கத்துக்கு மட்டும் ஒரு காரணம் உண்டு. மற்றதெல்லாம் பிறவிக் குணம். அதற்கு ஏற்றமாதிரி ஒரு வேலையும் அமைந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா இறந்துபோனதும் அம்மாவும் நானும் கணியூரை விட்டுத் திருப்பூருக்கு வந்தோம். லைன் வீட்டில் ஒரு அறை, ஒரே பனியன் கம்பெனியில் இருவருக்கும் வேலை. நான் செக்கிங்கில், அம்மா பேக்கிங்கில். செக்கிங் மேசை என்பது அடியில் ட்யூப்லைட் எரிகிற கண்ணாடி மேசை. துணியை அதன்மேல் விரித்தால் ஓட்டை, இழை விட்டது, எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற பெண் என்று மேனேஜர் என்னைச் சொல்வார். அது பாராட்டா கிண்டலா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

துணியில் ஒரு குறை தெரிந்துவிட்டால் திருப்பூரில் முதல் கேள்வி, அது யார் கையில் வந்தது என்பது. பின்னும்போதே வந்த பழைய குறையா, சாயப்பட்டறையில் வந்ததா, இங்கே தைக்கும்போது வந்த புதுக் குறையா? பின்னியவர் சாயப்பட்டறை மேல் போடுவார், சாயப்பட்டறைக்காரர் தைத்தவர் மேல் போடுவார். பழசு என்று ஆகிவிட்டால் சரக்கை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாம். நம் கையில் வந்தது என்றால் வைத்துக்கொண்டு அழ வேண்டியதுதான். இந்த வழக்கைத் தினமும் ஒருமுறையாவது கேட்காமல் எங்கள் கம்பெனியில் பொழுது போகாது.

அம்மாவின் வேலை எனக்கு நேர் எதிர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையரின் ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார் என்றால் முதல்நாளே அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் எந்த வரிசையில் எந்தப் பெட்டியை இழுப்பார் என்பது அவளுக்குத் தெரியும். கறையைச் சாக்பீஸ் பொடி போட்டுத் தேய்த்து, ஆவி காட்டி, சுருக்கமில்லாமல் மடித்து, நல்ல பீஸை மேலே வைத்து அடுக்குவாள். "பீஸ் பாஸ் ஆகோணும் கண்ணு. ஆயிட்டா அப்புறம் யாரு பிரிச்சுப் பாக்கறாங்க" என்பாள். குறையைக் காட்டுவது என் பிழைப்பு, மறைப்பது அவள் பிழைப்பு. இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து நன்றாகத்தான் தூங்கினோம்.

தொண்ணூறில் எனக்குக் கல்யாணம் ஆனது. மண்ணரையில் சின்னதாகச் சொந்தக் கம்பெனி வைத்திருந்த குடும்பம். வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்தினார்கள். சேர்ந்து என்று பேருக்குச் சொல்கிறேன், அண்ணன் சொல்வதுதான் அங்கே சட்டம். பெண் செக்கிங்கில் கெட்டிக்காரி என்று கேள்விப்பட்டுத்தான் எங்கள் லைன் வீட்டைத் தேடி வந்தார்கள். மருமகளும் ஆச்சு, செக்கிங்குக்கு ஆளும் ஆச்சு என்று கணக்குப் போட்டிருப்பார்கள் என்று அன்றைக்கே நினைத்தேன். அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் வீட்டுக்காரரின் சாதுவான முகம் பிடித்திருந்தது.

நான்காவது வருஷம் ஒருநாள் சிவப்பு டீசர்ட் துணி வந்தது. மேசையில் விரித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிவப்பே இல்லை, காய்ந்த செங்கல் நிறம். சாயப்பட்டறைக்காரர் நம் தலையில் மிளகாய் அரைக்கிறார் என்று லாட் முழுவதையும் நிறுத்திவிட்டேன். அந்த மனிதர் நேரில் வந்து, சாமிமேல் சத்தியமாகச் சாம்பிள் ஷேடுதானுங்க என்றார். சாம்பிளையே மாற்றிவிட்டீர்களா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். வீட்டுக்காரரும் அண்ணனும் வந்து பார்த்தார்கள், அவர்களுக்கு ஷேடு சரியாகத்தான் தெரிந்தது. அவர்கள் கண்ணைச் சந்தேகப்பட்டேன், ட்யூப்லைட்டைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் வெயிலுக்கு எடுத்துப்போனேன். வெயிலில் கண் கூசி வலது கண்ணை மூடியபோது துணி செக்கச்செவேலென்று இருந்தது. இடது கண்ணை மூடினால் மறுபடி செங்கல்.

கோளாறு என் வலது கண்ணில். கண் டாக்டர் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒன்றுமில்லை, பின்னால் இருக்கிற நரம்பில்தான் ஏதோ என்றார். ஒரு மாதத்தில் அது தானாகவே சரியாகிவிட்டது. அதுதான் எனக்கு வினையானது. பார்வை திரும்பிவிட்டது என்று நான் சொன்னபோது அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஒரு லாட்டை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, மாட்டிக்கொண்டதும் கண் போச்சு என்று நாடகம் ஆடியவளைப் பார்க்கிற பார்வை அது.

அடுத்து ஷாக் அடிக்க ஆரம்பித்தது. மேசையில் குனிந்து கழுத்தை மடக்கினால் முதுகுத்தண்டு வழியாகச் சுருக்கென்று கரண்ட் இறங்கிக் கால்வரை போகும். மேசையில் கரண்ட் கசிகிறது என்று அடம்பிடித்து எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் டெஸ்டரை வைத்து மூலைமூலையாகப் பார்த்துவிட்டு, மேசையில் ஒன்றும் இல்லீங்க என்றார். மற்றப் பெண்கள் நாள் முழுக்க அதே மேசையில் குனிந்து நிற்கிறார்கள். ஒருத்திக்கும் ஷாக் அடிக்கவில்லை. அப்புறம் ஒருநாள் வீட்டில் தலை வாருவதற்குக் குனிந்தபோதும் அடித்தது. வீட்டில் ஏது மேசை? கரண்ட் என் உடம்புக்குள்தான் கசிகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பிறகு வலது கால். முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பு பட்ட மாதிரி எரியும், அதே சமயம் செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. சாயங்காலமானால் காலை இழுத்து இழுத்து நடப்பேன், காலையில் கொஞ்சம் தேவலாம். "காத்தால நல்லா நடக்கறாங்க, வேலை எச்சா இருந்தா மட்டும் கால் இழுக்குதாட்டமிருக்குது" என்று அண்ணன் என் காதுபடச் சொன்னார். வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை. அவர் சும்மா இருந்தது அண்ணன் பேசியதைவிட எனக்கு அதிகமாக வலித்தது. அண்ணன் சொல்வதை இவரும் பாதி நம்புகிறாரோ என்று ஆரம்பித்த சந்தேகம், முழுசாக நம்புகிறார் என்பதில் போய் நின்றது.

அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தாள், என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "எரியுதா சாமி" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள்தான் நச்சரித்து வீட்டுக்காரரைக் கோயமுத்தூருக்கு அழைத்துப்போக வைத்தாள். அங்கே நரம்பு டாக்டர் ஒருவர். வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டினார், உள்ளங்காலில் சாவியால் கீறினார், கண்ணுக்குள் விளக்கடித்தார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று ஒரு வியாதி, அதுவாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன் என்றார். எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. சந்தேகப்படுகிறேன் என்று வாய்விட்டுச் சொன்ன முதல் டாக்டர் அவர்தான்.

அவர் விளக்கியதை இப்படித்தான் புரிந்துகொண்டேன். கரண்ட் ஒயருக்கு மேலே ரப்பர் இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. உடம்பைக் காவல் காக்க வேண்டிய அணுக்களே ஆள் தெரியாமல் அந்த உறையைப் போய்த் தாக்குகின்றன. தாக்கின இடம் வீங்கி அழற்சியாகும், சில வாரங்களில் ஆறும், தழும்பு நிற்கும். வேறோர் இடத்தில் மறுபடி கிளம்பும். அதனால்தான் கண் போய்க் கண் வந்தது, கால் போனது. "மூளையைக் காந்த ஸ்கேன்ல பாத்தா புள்ளி புள்ளியா தெரியும்மா. கையில ஒரு ஊசி போட்டு மறுபடியும் பார்ப்போம். இப்ப வீக்கமா இருக்கற இடத்துல அந்த மருந்து கசிஞ்சு பளிச்சுன்னு எரியற மாதிரி தெரியும். ஆறிப்போன பழைய புள்ளி எரியாது" என்றார். புதுசும் பழசும் பிரித்துக் காட்டுகிற செக்கிங் மேசை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. என் குறையை வெளிச்சத்தில் போட்டுக் காட்டட்டும், அப்புறம் யார் நாடகம் என்று சொல்கிறார்கள் பார்ப்போம்.

அந்த மெஷின் அப்போது புதுசு, கூட்டம் அதிகம். சில வாரம் தள்ளித்தான் நாள் கொடுத்தார்கள். அந்த வாரங்களில்தான் ஒருநாள் சமையலறையில் மாமியாரும் அண்ணனும் பேசியது காதில் விழுந்தது. "இவ இப்படியே படுத்துட்டா என்னடா பண்றது" என்றார் மாமியார். "ஸ்கேன் வரட்டும், பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். பாத்துக்கலாம் என்ற அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அன்று ராத்திரி மாமியார் கொடுத்த பாலில் ஒரு வாடை அடித்தது போல இருந்தது. அதன்பிறகு அந்த வீட்டில் என் கையால் பொங்கியதைத் தவிர எதையும் தொடவில்லை. காலையில் வேலைக்குப் போகிற வழியில் அம்மா தூக்குப்போசியில் வெந்தயக் களி கொண்டுவந்து கொடுப்பாள். அதை மட்டும் வழித்துச் சாப்பிட்டேன். கசந்தது. வெந்தயம் கசக்காமல் என்ன செய்யும்?

களி சாப்பிடச் சாப்பிடக் கால் தேறியது. பசி எடுத்தது என்றால் அப்படி ஒரு பசி. தூக்கம் மட்டும் வரவில்லை, விடிய விடிய விழித்துக்கிடந்து யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். கன்னம் உப்பியது. "மூஞ்சியெல்லாம் பூசுனாப்பல ஆயிருச்சு, சீக்காளியாட்டமாவா இருக்குது" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னது எனக்கு வந்து சேர்ந்தது. மாமியார் வீட்டுச் சாப்பாட்டை நிறுத்தியதும் உடம்பு தேறிவிட்டதே, அப்படியானால் இத்தனை நாள் எனக்கு எதைப் போட்டுக் கொடுத்தார்கள் என்று நான் எண்ணினேன். தப்பாக ஒன்றுமில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் எண்ணுவார்கள்.

ஸ்கேனுக்கு வீட்டுக்காரர், அண்ணன், நான் மூவரும் போனோம். தாலிக்கொடி, தோடு, மெட்டி எல்லாம் கழற்றச் சொன்னார்கள். மாமியார் முன்யோசனையாக மஞ்சள் கயிறு கட்டி அனுப்பியிருந்தார். சேலையில் குத்தியிருந்த பின்னைக்கூட ஒவ்வொன்றாக எடுத்தாயிற்று. திருப்பூரிலிருந்து வந்திருக்கிறீர்களா, விரலில் எப்போதாவது தையல் ஊசி ஏறி முனை உள்ளே தங்கியிருக்கிறதா என்று அங்கிருந்தவர் கேட்டார். இதற்கு முன்னாலும் எங்கள் ஊர்க்காரர்கள் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது. குழாய்க்குள் படுக்கவைத்துத் தள்ளினார்கள். பழைய விசைத்தறி பத்துச் சேர்ந்து காதுக்குள் ஓடுகிற சத்தம். பாதியில் வெளியே இழுத்துக் கையில் ஊசி போட்டு மறுபடி தள்ளினார்கள். எரியட்டும், எரியட்டும் என்று உள்ளே வேண்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

எரியவில்லை. டாக்டர் படங்களை வெளிச்சப் பலகையில் மாட்டிக் காட்டினார். மூளைக்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருந்தன, தான் நினைத்த வியாதிதான் என்றார். ஊசி போட்டு எடுத்த படத்தில் ஒன்றுகூடப் பளிச்சிடவில்லை. "இப்போதைக்கு அழற்சி எதுவும் தெரியலை. எல்லாம் பழைய புள்ளிங்க. நல்ல செய்திதான்" என்று சொல்லிவிட்டு ஒருநாள் கழித்து விவரமாகப் பேசலாம் என்றார். வெளியில் ஆட்கள் காத்திருந்தார்கள். காரில் திரும்பும்போது அவிநாசி தாண்டியதும் அண்ணன் தன் தம்பியிடம், நான் பின்னால் உட்கார்ந்திருப்பதே தெரியாத மாதிரி, "பழசாமா" என்றார்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. பழசு என்றால் இங்கே வருமுன்னே வந்தது. வருமுன்னே வந்தது என்றால் தெரிந்தே மறைத்துத் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு வாரத்தில் பெரியவர்கள் சிலரைக் கூட்டி வைத்து, அம்மாவையும் வரச்சொல்லி, அண்ணன் நியாயம் பேசினார். துணி வழக்குப் பேசுகிற அதே குரல், அதே கை வீச்சு. "ஏனுங்க, கண்ணாலத்துக்கு முன்னால புள்ளைக்கு ஒண்ணுமே இருந்ததில்லீங்களா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா இல்லீங்க என்றாள். "டாக்டரே பழசுங்கறாரு. மெசினு பொய் சொல்லுமுங்களா?" அம்மா முகம் செத்துப்போயிற்று. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சநாள் அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அந்தக் கொஞ்சநாளுக்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

லைன் வீட்டு அறைக்குத் திரும்பினேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. படம் மாறிவிட்டது, அல்லது மாற்றப்பட்டுவிட்டது என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. சாம்பிளை மாற்றுகிற ஊரில் படத்தை மாற்றத் தெரியாதா? ஸ்கேன் எடுத்த இடத்தில் அண்ணன் யாரிடமோ தனியாகப் பேசிக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அந்த டாக்டரிடம் போய், "இது என்ற படமே இல்லீங்க" என்றேன்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. படத்தின் ஓரத்தில் என் பெயரையும் வயதையும் காட்டினார். பெயரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாமே என்றேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். முதல் தடவை பார்த்ததற்கு இப்போது கன்னம் உப்பியிருக்கிறதே என்றார். பசி எப்படி, தூக்கம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "ஸ்கேனுக்கு முன்னால மாத்திரை ஏதாவது சாப்பிட்டியாம்மா? ஸ்டீராய்டு மாதிரி? அது இருந்த வீக்கத்தை அமுக்கிப் போட்டிருக்கும். அப்ப ஊசி போட்டாலும் புள்ளி எரியாது, புதுசுகூடப் பழசு மாதிரிதான் தெரியும்." எனக்குப் பொறி தட்டியது. எனக்குத் தெரியுமுங்க, எங்க மாமியார்தான் பாலில் கலந்திருப்பாங்க என்று ஆரம்பித்தேன்.

"நாந்தானுங்க சாமி" என்றாள் அம்மா.

கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். கைகளைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் மருந்துக்கடைகளில் செட்டு மாத்திரை என்று ஒன்று கொடுப்பார்கள். உடம்பு வலி, அசதி என்று போனால் நாலைந்து மாத்திரையை அட்டையில் இருந்து பிரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். என்ன மாத்திரை என்று அவர்களும் சொல்வதில்லை, இவர்களும் கேட்பதில்லை. அதில் ஒன்று ஸ்டீராய்டாகத்தான் இருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். ஷிப்மெண்ட் நெருக்கடியில் இரவும் பகலும் நிற்கிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் நிற்பார்கள். அம்மா அதை எனக்காகத் தினமும் வாங்கி, அம்மியில் பொடித்து, கசப்புத் தெரியாமல் இருக்க வெந்தயக் களியில் கிண்டியிருக்கிறாள். சொன்னால் நான் வாங்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். நான்தான் எதையும் நம்ப மாட்டேனே.

"எதுக்கும்மா?" என்றேன்.

"கால் தேறுச்சில்ல கண்ணு. ஸ்கேன் அன்னைக்கு நீ நல்லா நடந்து போனீன்னா, படமும் சுத்தமா வந்துருமுன்னு நெனச்சேன். பாஸ் ஆயிட்டா ஊட்டுல வெச்சுக்குவாங்கல்ல."

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல்நாள் பீஸைத் தயார் செய்வதுபோல என்னைத் தயார் செய்திருக்கிறாள். நான் குறை தெரியட்டும் என்று குழாய்க்குள் படுத்து வேண்டிக்கொண்டிருந்தேன், அவள் குறை தெரியக்கூடாது என்று களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் தேய்த்து எடுத்ததில் கறை போகவில்லை. கறையின் வயசு மட்டும் மாறிப்போயிற்று. குறையை மறைத்தாவது என்னை அந்த வீட்டில் நிறுத்திவிட வேண்டும் என்று எதைச் செய்தாளோ, அதே காரியம் என்னைத் திருப்பி அனுப்ப வைத்துவிட்டது. டாக்டர் எதிரிலேயே அவளைப் பார்த்துக் கத்தினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவில்லை. அறைக்கு வந்தும் நாள்கணக்கில் அவள் பொங்கியதைத் தொடவில்லை. உலகத்திலேயே நான் முகர்ந்து பார்க்காமல் சாப்பிட்டது அவள் கையால் கொடுத்ததைத்தான். அதிலும் கலந்துவிட்டாளே என்று நெஞ்சு எரிந்தது.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். குறையக் குறைய முகம் வடிந்தது, தூக்கம் வந்தது. மாத்திரை நின்ற கொஞ்ச நாளில் மறுபடியும் கால் போயிற்று. இந்தத் தடவை இடது கையும் சேர்ந்து மரத்தது. சீப்பைப் பிடித்தால் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா சீப்பை வாங்கி எனக்குத் தலை வாரிவிட்டாள்.

உடனே வந்து படுத்துக்கொள், பெரிய அளவில் டிரிப்பில் மருந்து ஏற்றலாம் என்றார் டாக்டர். மருந்து ஏற்றுவதற்கு முன்னால் ஸ்கேன் எடுங்கள் என்றேன். வியாதி என்னவென்று தெரிந்தாயிற்று, அதற்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடுவானேன் என்றார். "உங்களுக்குத் தெரியுமுங்க. தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியலீங்களே" என்றேன். ஒருநாள்தான், அதற்குமேல் காத்திருக்க விடமாட்டேன் என்று சொல்லி, அவரே போன் செய்து மறுநாளைக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். அண்ணனையும் வீட்டுக்காரரையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். வீட்டுக்காரர் மட்டும் வந்தார்.

இந்த முறை நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு சக்கர நாற்காலியில் என்னை டாக்டர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். அம்மா உள்ளே வரவில்லை, திறந்திருந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் படத்தை மாட்டி விளக்கைப் போட்டார். காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருட்டில் தீக்குச்சி கிழித்த மாதிரி இரண்டு இடங்களில் பளிச்சென்று தெரிந்தது. மற்றப் புள்ளிகள் மங்கலாக, போன படத்தில் இருந்ததுபோலவே இருந்தன. இந்த இரண்டும் இப்போது கிளம்பியவை, மற்றவை பழசு என்றார் டாக்டர். அந்தச் சொல் வந்ததும் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"பழசுன்னா எவ்வளவு பழசுங்க?"

"ஒரு மாசம், ரெண்டு மாசம் தாண்டிட்டாலே எரியறது நின்னுடும்மா. அதுக்கப்புறம் அது போன வருஷத்துப் புள்ளியா, பத்து வருஷத்துப் புள்ளியான்னு இந்த மெஷினுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது."

"கண்ணாலத்துக்கு முன்னாலயா, பின்னாலயான்னு சொல்லுமுங்களா?"

"சொல்லவே சொல்லாது" என்றார் டாக்டர். இதையெல்லாம் ஏன் கேட்கிறேன் என்று அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். வீட்டுக்காரரை ஒருமுறை பார்த்துவிட்டு, "போன தடவையே என்னைக் கேட்டிருக்கலாமே" என்றார்.

வீட்டுக்காரர் படத்துக்குக் கிட்டத்தில் போய் நின்றார். அந்த இரண்டு வெளிச்சத்தையும் வெகுநேரம் பார்த்தார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. "இத்தனை வேதனையாங் கண்ணு உனக்கு? இப்பத்தான் எனக்கு நெசமாலுமே தெரியுது. வா, ஊட்டுக்குப் போலாம். அண்ணங்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். இதற்குப் பிறகு நான் மண்ணரைக்குத் திரும்பிப் போனதும், அவர் தனியாகப் பிரிந்து வந்து கடைசிவரை என்னைக் கைத்தாங்கலாக நடத்தியதும் உண்மை. அவரைப் பற்றி இனி யாரும் குறை பேச நான் விடமாட்டேன். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் வந்த கோபம் சொல்லி முடியாது. நாலு வருஷம் பக்கத்தில் படுத்திருந்த மனிதருக்கு இப்பத்தான் தெரிகிறதாம். நான் வாயால் சொன்னபோது தெரியவில்லை, காலை இழுத்து இழுத்து நடந்தபோது தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் விளக்கைப் போட்டுக் காட்டினால்தான் தெரிகிறது.

டாக்டர் கதவுப் பக்கம் பார்த்தார். "அம்மா, நீங்களும் வந்து ஒருதரம் பாத்துக்கங்க. உங்க பொண்ணு படம்."

அம்மா பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. "வேண்டாமுங்க சாமி" என்றாள். "அதைப் பாத்து நான் என்னத்தைத் தெரிஞ்சுக்கறது? கால் எரியுதுன்னு என்ற புள்ள சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியுமுங்களே. அதுக்குத்தானுங்க மாத்திரை வாங்குனேன்."

டாக்டர் விளக்கை அணைத்தார். வார்டுக்குப் போய் டிரிப் ஏற்ற வேண்டும், நாற்காலியிலிருந்து வந்து நின்ற தள்ளுகட்டிலுக்கு மாற வேண்டும், எழுந்திரு என்று வீட்டுக்காரர் கையை நீட்டினார். நான் அம்மாவைக் கூப்பிட்டேன்.